குதிரைப்படைக் கார்பைன்கள்: தேர்வும் பரிசோதனையும் பராமரிப்பும்

குதிரைமேல் இருக்கும் வீரனின் ஒரு கை எப்போதும் கடிவாளத்தில் இருக்கும். அந்த நிலையில் குழல்வாய் வழியாக மருந்தைக் கொட்டி, குண்டைப் போட்டு, நீண்ட கம்பியால் இடித்து இறுக்குவது நடக்கிற காரியம் அல்ல. காலாட்படை மஸ்கட்டின் நீளமும் சேணத்துக்கு ஒத்துவராது. இந்த இரண்டு தொல்லைகளுக்கும் விடையாக வந்ததுதான் குட்டையான குழலும், பின்பக்கத்திலிருந்தே தோட்டாவைச் செலுத்தும் வசதியும் கொண்ட கார்பைன். 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இதற்கான புதுப்புது அமைப்புகள் பல நாடுகளில் தோன்றின. ஆனால் சேகரிப்பாளருக்கு அமெரிக்க உள்நாட்டுப் போர்க்காலம் (1861–1865) அளவுக்கு வளமான களம் வேறில்லை. வடக்கு மாநிலங்களின் அரசு அந்தப் போரில் ஒரு டஜனுக்கும் மேற்பட்ட வடிவமைப்புகளில் 4 லட்சத்துக்கு மேற்பட்ட கார்பைன்களை வாங்கியது. அவற்றில் கணிசமானவை இன்றும் ஏலங்களிலும் கண்காட்சிகளிலும் கைமாறுகின்றன. இந்த அத்தியாயம் அந்தப் போர்க்காலக் கார்பைன்களையும், அவற்றின் வாரிசாக வந்த 1873 ஸ்பிரிங்ஃபீல்டு கார்பைனையும் பற்றியது.

குதிரைப்படைக் கார்பைனை அடையாளம் காட்டும் உறுப்பு, இடப்பக்கத்தில் பொருத்தப்பட்ட ஓர் இரும்புக் கம்பியும் அதில் ஓடும் வளையமும். வீரன் இடது தோளிலிருந்து குறுக்காக அணிந்த அகலமான தோல்வாரின் கொக்கி இந்த வளையத்தில் மாட்டப்பட்டிருக்கும். சுட்டு முடித்ததும் கையை விட்டால் துப்பாக்கி வலது இடுப்போரம் தொங்கும், கீழே விழாது. இந்த வளையம் ஆண்டுக்கணக்கில் அசைந்து அசைந்து கம்பியிலும் பக்கத்து உலோகத்திலும் மெல்லிய தேய்மானத்தை விட்டுச் சென்றிருக்கும். களத்தில் உழைத்த துப்பாக்கி என்று சொல்லி விற்கப்படும் ஒன்றில் இந்தத் தேய்வு கொஞ்சமும் இல்லையென்றால், வளையம் பின்னால் பொருத்தப்பட்டதா என்று பார்த்துவிட வேண்டும்.

எவற்றைச் சேகரிப்பது

தொடக்கநிலைச் சேகரிப்பாளர் முதலில் அறிந்துகொள்ள வேண்டியது ஷார்ப்ஸ். கிறிஸ்டியன் ஷார்ப்ஸ் 1848 செப்டம்பர் 12 அன்று காப்புரிமை பெற்ற அமைப்பு இது. விசைக்காப்பே நெம்புகோலாகவும் இருக்கும். அதைக் கீழே தள்ளினால் குழலின் பின்வாயை அடைத்திருக்கும் எஃகுக் கட்டை செங்குத்தாக இறங்கும். லினன் துணியில் சுற்றிய தோட்டாவைக் குழலுக்குள் தள்ளி நெம்புகோலை மேலே இழுத்தால், ஏறிவரும் கட்டையின் கூரான விளிம்பு தோட்டாவின் வாலை நறுக்கிக் கருமருந்தைத் திறந்துவிடும். பிறகு, முலை எனப்படும் குமிழில் மாட்டிய சிறு வெடிமூடியான கேப் மீது சுத்தி விழ வேண்டியதுதான். எளிமையும் உறுதியும் இதன் பலம். பின்வாய்ப் பொருத்தில் வாயு கசிவது இதன் பழைய நோய். 1859ஆம் ஆண்டின் 'நியூ மாடல்' அந்தக் கசிவைப் பெருமளவு குறைத்தது. போர்க்காலத்தில் அரசு வாங்கிய 80,000க்கும் மேற்பட்ட ஷார்ப்ஸ் கார்பைன்களில் பெரும்பாலானவை 1859, 1863 நியூ மாடல்களே. குழல் 22 அங்குலம், குழல்வாய் 0.52 அங்குலம்.

1859 மாடலின் முதல் சில ஆயிரங்களில் அடிக்கட்டைத் தகடும், கட்டையில் பதித்த சிறு பெட்டியின் மூடியும், குழல் பட்டையும் பித்தளையில் இருக்கும். பிறகு அவை இரும்பாயின. போரின் பிற்பகுதியில் அந்தப் பெட்டியே கைவிடப்பட்டது. பித்தளை உறுப்புகள் கொண்டவை அரியவை, விலையும் அதிகம். அதனாலேயே இரும்பைக் கழற்றிப் பித்தளையைப் பொருத்தும் தில்லுமுல்லு நடக்கிறது. வரிசை எண்ணில் இன்னொரு நுணுக்கம் உண்டு. ஒரு லட்சத்தைத் தாண்டியதும் 'சி' என்ற ரோமானிய எழுத்தை நூறாயிரத்துக்கான அடையாளமாக எண்ணுக்கு முன்னால் பொறித்தார்கள். இது தெரியாதவர், 'சி' அடுத்துச் சிறிய எண்ணைப் பார்த்துவிட்டு ஆரம்பகாலத் துப்பாக்கி என்று ஏமாந்துபோவார்.

போர் முடிந்தபின் 30,000க்கும் மேற்பட்ட ஷார்ப்ஸ் கார்பைன்கள் உலோகத் தோட்டாவுக்கு மாற்றப்பட்டன. தேய்ந்த குழல்களுக்குள் மூன்று வரித்தடங்கள் கொண்ட உள்ளுறை செருகப்பட்டது. மேற்கு எல்லைப் போர்களில் உழைத்தவை இவைதான். மாற்றப்பட்டது என்பதற்காக இவற்றை ஒதுக்க வேண்டியதில்லை. அரசுத் தொழிற்சாலையே செய்த மாற்றம் அந்தத் துப்பாக்கியின் வரலாற்றில் ஓர் அத்தியாயம். பட்டறைக்காரர் ஒருவர் பிற்காலத்தில் செய்த மாற்றமோ வெறும் சேதம். மாற்றத்தைச் செய்தது யார் என்பதே இங்கே கேட்க வேண்டிய கேள்வி. இந்தத் துறையில் பாதி விஷயம் இந்தக் கேள்வியில் அடங்கிவிடுகிறது.

அடுத்தது ஸ்பென்சர். கிறிஸ்டோபர் ஸ்பென்சர் 1860 மார்ச் 6 அன்று காப்புரிமை பெற்ற இந்தத் துப்பாக்கி, அடிக்கட்டைக்குள் மறைந்திருக்கும் குழாயில் ஏழு தோட்டாக்களை வைத்திருக்கும். நெம்புகோலை ஒருமுறை இறக்கி ஏற்றினால் சுட்ட தோட்டாவின் கூடு வெளியே வந்து, புதிய தோட்டா உள்ளே போகும். சுத்தியை மட்டும் ஒவ்வொரு முறையும் கட்டைவிரலால் பின்னிழுக்க வேண்டும். தோட்டா செம்புக் கூட்டில், விளிம்பில் வெடிபொருள் கொண்டது. தெற்கு மாநிலங்கள் இந்தத் துப்பாக்கிகளைக் கைப்பற்றினாலும், கைப்பற்றிய தோட்டா தீர்ந்ததும் அவை பயனற்றுப்போயின; அந்தத் தோட்டாவைத் தொழிற்சாலை அளவில் செய்யும் வசதி அங்கே இல்லை. அரசு வாங்கிய ஸ்பென்சர் கார்பைன்கள் 94,000க்கும் மேல்.

ஸ்பென்சரை வாங்கும்போது ஒரு தேதியை நினைவில் வைத்திருப்பது பணத்தைக் காப்பாற்றும். கார்பைன்கள் படைக்கு வந்துசேரத் தொடங்கியது 1863 அக்டோபரில். கெட்டிஸ்பர்க் போர் நடந்ததோ அந்த ஆண்டு ஜூலை முதல் மூன்று நாட்கள். அந்தப் போரில் குதிரைப்படைத் தளபதி கஸ்டரின் மிச்சிகன் படைப்பிரிவினர் கையில் இருந்தவை நீளக்குழல் ஸ்பென்சர் ரைஃபிள்கள். ஆகவே 'கெட்டிஸ்பர்க்கில் சுட்ட ஸ்பென்சர் கார்பைன்' என்று எவர் எந்தக் குடும்பக் கதையோடு கொண்டுவந்தாலும், துப்பாக்கி உண்மையானதாக இருக்கலாம். கதை உண்மையாக இருக்க வழியில்லை.

1865 மாடல் ஸ்பென்சரின் குழல் 20 அங்குலமாகக் குறைந்தது, குழல்வாயும் சிறுத்தது. விசைக்கு முன்னால் சின்னத் திருகுத் தகடு ஒன்று இருக்கும். எட்வர்டு ஸ்டேப்ளர் வடிவமைத்த இந்தத் தடுப்பைத் திருப்பினால், குழாயில் உள்ள தோட்டாக்களைச் சேமிப்பாக வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகக் கையால் செலுத்திச் சுடலாம். போருக்குப் பிறகு பழைய 1860 மாடல்களில் பல ஸ்பிரிங்ஃபீல்டு அரசு ஆயுதச்சாலைக்குத் திரும்பி, உள்ளுறை செருகப்பட்டு, இதே தடுப்பும் பொருத்தப்பட்டன. அவற்றின் கட்டையின் இடப்புறத்தில் ஆயுதச்சாலைத் தலைமைத் தொழில்வல்லுநர் எர்ஸ்கின் ஆலினின் முதலெழுத்துகள் கொண்ட முத்திரை இருக்கும். குழலுக்குள் விளக்கடித்துப் பார்த்தால் இன்னும் தெளிவு: தொழிற்சாலையிலிருந்து வந்தபடியே இருப்பதில் ஆறு வரித்தடங்கள், உள்ளுறை செருகியதில் மூன்று.

ஷார்ப்ஸும் ஸ்பென்சரும் விலையில் உயர்ந்து நிற்பவை. அளவான பணத்தில் தொடங்க விரும்புவோர் வேறு மூன்றைக் கவனிக்கலாம். பர்ன்சைடு கார்பைன் 55,000க்கு மேல் வாங்கப்பட்டது. கூம்பு வடிவப் பித்தளைத் தோட்டாவைக் கொண்ட இதை உருவாக்கிய ஆம்புரோஸ் பர்ன்சைடு பிறகு போரில் தளபதியாகப் பெயர்பெற்றார். ஸ்மித் கார்பைன் விசைக்கு முன்னால் உள்ள பித்தளைப் பொத்தானை அழுத்தினால் நடுவில் மடிந்து திறக்கும். கட்டாபர்ச்சா என்ற மரப்பாலில் செய்த தோட்டா இதற்கு. குதிரைப்படைக்கான ஸ்மித்தில் கம்பியும் வளையமும் இருக்கும். அவை இல்லாமல் வார் மாட்டும் வளையங்கள் கீழ்ப்புறத்தில் இருந்தால் அதைப் பீரங்கிப்படை வகை என்று சேகரிப்பாளர்கள் குறிப்பிடுவார்கள். மூன்றாவது, வாஷிங்டன் பல்மருத்துவர் எட்வர்டு மேனார்டு உருவாக்கியது. இதன் இரண்டாம் மாடலில் அரசு வாங்கிய 20,000 துப்பாக்கிகள் போரின் கடைசி ஓராண்டில்தான் வந்துசேர்ந்தன. பலவற்றுக்குக் களம் காணவே வாய்ப்புக் கிடைக்கவில்லை. அதனால் வால்நட் கட்டையும் முத்திரைகளும் புதுமை குலையாமல் இருக்கும் மேனார்டுகள் இன்னும் கிடைக்கின்றன. ஒரு முத்திரை புதிதில் எப்படி இருந்திருக்கும் என்று கண்ணைப் பழக்கிக்கொள்ள, முதல் துப்பாக்கியாக இதைவிடப் பொருத்தமானது கிடைப்பது கடினம்.

தெற்கு மாநிலங்களின் துப்பாக்கிகள் தனி உலகம். ரிச்மண்டில் ராபின்சன் தொழிற்சாலை தொடங்கி, பிறகு கூட்டமைப்பு அரசு தொடர்ந்த ஷார்ப்ஸ் நகல்கள் ஏறத்தாழ 5,000 மட்டுமே. அருமை காரணமாக விலை பன்மடங்கு. போலிகளும் அதே விகிதத்தில் பெருகியிருக்கின்றன. அனுபவம் முதிரும்வரை இந்தப் பக்கம் போகாமலிருப்பதே நல்லது.

ஸ்பிரிங்ஃபீல்டு 1873 கார்பைன் ஒற்றைத் தோட்டா ஆயுதம். பின்வாயின் மூடி முன்பக்கக் கீலில் மேல்நோக்கித் திறப்பதால் இதற்கு 'டிராப்டோர்' என்ற பெயர் நிலைத்தது. 1876 ஜூன் 25 அன்று லிட்டில் பிக்ஹார்ன் போரில் கஸ்டரின் ஏழாம் குதிரைப்படை ஏந்தியது இதையே. அந்தப் போர்க்களத்தில் 1983இல் புல்வெளித் தீ பரவித் தரை வெளிப்பட்ட பிறகு நடந்த அகழாய்வில், கிடைத்த தோட்டாக் கூடுகளின் ஊசித்தடங்களை நுண்ணோக்கியில் ஒப்பிட்டு, எந்தக் கூடுகள் ஒரே துப்பாக்கியிலிருந்து வந்தவை என்று பிரித்தறிந்தார்கள். கஸ்டர் பெயரின் ஈர்ப்பால் 1876க்கு முந்தைய கார்பைன்களின் விலை தனி உயரத்தில் நிற்கிறது. இங்கேதான் மோசடியும் குவிகிறது. ரைஃபிளுக்கும் கார்பைனுக்கும் ஒரே வரிசையில் எண் இட்டதால், எண் சிறியது என்பது மட்டும் கார்பைன் என்பதற்குச் சான்றாகாது. 32 அங்குலத்துக்கு மேல் நீளமுள்ள ரைஃபிள் குழலை 22 அங்குலத்துக்கு வெட்டி, முன்கட்டையைக் குறைத்து விற்றவர்கள் ஏராளம்.

துப்பாக்கியைக் கையில் எடுத்தபின்

முதல் வேலை, அது நிரப்பப்பட்டிருக்கிறதா என்று பார்ப்பது. நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன் இட்ட கருமருந்து, ஈரம் படாமல் இருந்தால் இன்றும் வெடிக்கும். பின்வாயைத் திறந்து ஒளி ஊடுருவுகிறதா என்று பார்க்க வேண்டும். திறக்க மறுத்தால் குழல்வாயிலிருந்து ஒரு மரக்குச்சியை மெல்ல உள்ளே விட்டு, அது எவ்வளவு இறங்குகிறது என்பதை வெளிப்புற நீளத்தோடு ஒப்பிட வேண்டும். உலோகக் கம்பி கூடாது. ஸ்பென்சரில் பின்வாய் காலியாக இருந்தாலும் அடிக்கட்டைக் குழாயை வெளியே இழுத்துப் பார்த்தே தீர வேண்டும். விளிம்பில் வெடிபொருள் கொண்ட பழைய தோட்டாக்கள் அதில் சிக்கிக் கிடப்பதுண்டு. நிரப்பியிருப்பது தெரிந்தால் அதைத் தானே எடுக்க முயலாமல் பழக்கமுள்ள துப்பாக்கித் தொழில்வல்லுநரிடம் ஒப்படைக்க வேண்டும்.

அடுத்து கட்டையின் இடப்புற முத்திரை. அரசுக்காக வாங்கும் ஒவ்வொரு துப்பாக்கியையும் ஆய்வாளர் சோதித்து, தம் பெயரின் முதலெழுத்துகளைச் சித்திர எழுத்தில் சிறு சட்டகத்துக்குள் மரத்தில் அழுத்தினார். சேகரிப்பாளர்கள் இதைக் கார்ட்டூஷ் என்பார்கள். இதைப் பக்கவாட்டு வெளிச்சத்தில், தாழ்ந்த கோணத்தில் விளக்கைப் பிடித்துப் பார்க்க வேண்டும். உண்மையான முத்திரை சுற்றியுள்ள மரத்தோடு சேர்ந்தே தேய்ந்திருக்கும்: கை அதிகம் பட்ட பக்கம் மங்கியும், படாத பக்கம் சற்றுக் கூர்மையாகவும். பள்ளத்துக்குள் இருக்கும் அழுக்கும் எண்ணெய்க் கறையும் கட்டையின் மற்ற பள்ளங்களில் உள்ள அதே நிறத்தில் இருக்கும். கட்டையின் விளிம்புகள் உருண்டு, மேற்பரப்பு கீறல்களோடு இருக்க, முத்திரை மட்டும் நேற்று அடித்ததுபோல் தெளிவாக நின்றால் அது நேற்று அடித்ததே. கட்டையை உப்புத்தாள் போட்டுத் தேய்த்திருந்தால் மரம் பக்கத்து இரும்பை விடச் சற்றே தாழ்ந்திருக்கும். தொழிற்சாலையிலிருந்து வந்தபோது மரம் ஒரு மயிரிழை உயர்ந்தே இருந்தது. விரல்நுனியைப் பொருத்தின் குறுக்கே ஓட்டினாலே இது தெரிந்துவிடும்.

உலோகத்தில் நிறத்தைப் பார்க்க வேண்டும். நீலம் பூசிய குழல் கையும் காற்றும் பட்டு ஒருவிதப் பழுப்பாக மாறும். சுத்தி, பின்வாய்க் கட்டை ஆகியவற்றின் பலவண்ணச் சாயல் வெள்ளிச் சாம்பலாக வெளுக்கும், மறைவான இடங்களில் மட்டும் தங்கியிருக்கும். எல்லா உறுப்பும் ஒரே சீராகப் பழுத்திருந்தால் அமிலம் கொண்டு செயற்கையாக முதுமையூட்டியதாக இருக்கலாம். எழுத்துப் பொறிப்புகளின் ஓரங்கள் உருகியதுபோல் மழுங்கி, பக்கத்தில் தட்டையான தளம் அலையலையாகத் தெரிந்தால் பட்டைச் சக்கரத்தில் மெருகேற்றிய பிறகு மீண்டும் நீலம் பூசியிருக்கிறார்கள் என்று பொருள். அப்படிப்பட்ட துப்பாக்கி கடை வெளிச்சத்தில் பளபளவென்று மனதைக் கவரும். சேகரிப்பு மதிப்போ பாதிக்கும் கீழே போயிருக்கும். துரு படிந்து மங்கிக் கிடக்கும், ஆனால் யாரும் கைவைக்காத துப்பாக்கியே அதைவிட மேல்.

திருகுத் தலைகள் நல்ல சாட்சி. பிளவுகள் சிதையாமல் இருந்தால் துப்பாக்கி அதிகம் பிரிக்கப்படவில்லை. எண்கள் பல இடங்களில் இடப்பட்ட மாடல்களில் எல்லாம் பொருந்துகின்றனவா என்று சரிபார்க்க வேண்டும்; பர்ன்சைடின் சட்டகத்திலும் அசையும் பின்வாய்க் கட்டையிலும் ஒரே எண் இருக்க வேண்டும். 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலும் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் நியூயார்க்கின் பிரான்சிஸ் பானர்மன் நிறுவனம் அரசின் கழிவுச் சரக்கை மொத்தமாக வாங்கி, உதிரி உறுப்புகளைக் கோத்துத் துப்பாக்கிகளாக விற்றது. அவற்றின் உறுப்புகள் அனைத்தும் பழையவைதான், ஆனால் அவை போர்க்காலத்தில் ஒன்றாக இருந்தவை அல்ல. எண் பொருந்தாமையே அவற்றைக் காட்டிக்கொடுக்கும். வெட்டிய ஸ்பிரிங்ஃபீல்டு ரைஃபிளைப் பிடிக்க, முன்கட்டையின் அடியில் ராம்ராடு (இடிக்கும் கம்பி) போகும் பள்ளத்தை மரம் வைத்து அடைத்த ஒட்டு தெரிகிறதா, முன்குறிமுனை ஈயப்பற்று வைத்து ஒட்டப்பட்டதா என்று பார்க்க வேண்டும். கார்பைனுக்கான பின்குறியில் 'சி' எழுத்தும், ரைஃபிளுக்கானதில் 'ஆர்' எழுத்தும் இருக்கும்.

இத்தாலியில் 20ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து செய்யப்படும் நகல்கள் தரமானவை. சுடுவதற்கு வாங்குவோர் விரும்புபவை. அவற்றின் குழலில் கார்தோனே சோதனைச்சாலையின் முத்திரைகள் இருக்கும். அவற்றை அராவி எடுத்து, அமிலத்தில் முக்கி, அசலாக விற்க முயல்வோர் உண்டு. குழலின் அடிப்பக்கத்தில், முன்கட்டை மூடியிருக்கும் இடத்தில், அராவிய தட்டையான பட்டை தெரிந்தால் வாங்கும் பேச்சை அங்கேயே நிறுத்திவிடலாம்.

படைப்பிரிவுக் கதைகளுக்கு ஆவணம் வேண்டும். ஃபிராங்க் மல்லோரியின் ஸ்பிரிங்ஃபீல்டு ரிசர்ச் சர்வீஸ் அமெரிக்கத் தேசிய ஆவணக்காப்பகத்தின் பதிவேடுகளைத் துழாவி, எந்த எண்ணுள்ள துப்பாக்கி எந்தப் படைப்பிரிவிடம் இருந்தது என்ற பட்டியல்களைத் தொகுத்து வெளியிட்டது. எல்லா எண்களும் அதில் இல்லை. பதிவேடுகள் பல அழிந்துபோயின. வாங்கவிருக்கும் துப்பாக்கியின் எண்ணுக்கு மிக அருகில் உள்ள எண்கள் ஒரு படைப்பிரிவுக்குப் போயிருக்கின்றன என்பது ஊகத்துக்கு இடம் தரும், சான்றாகாது. அதே எண் பட்டியலில் இருந்தால் விலை நியாயமாகவே உயரும். அப்போது பொறிக்கப்பட்ட எண் பின்னால் திருத்தப்படவில்லை என்பதை உருப்பெருக்கியில் உறுதிசெய்ய வேண்டும்.

பராமரிப்பு

சேகரிப்பாளர் கையில் துப்பாக்கிகள் அழிவது பெரும்பாலும் அளவுக்கு மீறிய சுத்தத்தால். துருவை நிறுத்த வேண்டுமே தவிர, உலோகத்தைப் புதிதாக்கக் கூடாது. மெல்லிய எண்ணெயைத் தடவி ஓரிரு நாள் ஊறவிட்டு, மென்துணியால் துடைத்தெடுத்தாலே மேலோட்டமான செந்துரு வந்துவிடும். வராத கருந்துருவை அப்படியே விடலாம், அது நிலைத்துவிட்டது. பித்தளையை மெருகுப்பசை போட்டுப் பளபளக்கச் செய்யக் கூடாது. கட்டைக்கு ஆளிவிதை எண்ணெய் திரும்பத் திரும்பப் பூசும் பழைய வழக்கமும் வேண்டாம்: அது காலப்போக்கில் கறுத்து ஒட்டும் படலமாகி, முத்திரைகளை மறைக்கும். அருங்காட்சியகங்கள் பயன்படுத்தும் நுண்படிக மெழுகை மெல்லப் பூசித் துடைத்தால் மரத்துக்கும் இரும்புக்கும் ஒருசேரப் போதும்.

விரல் வியர்வையின் உப்பு நீலப்பூச்சில் சில நாட்களிலேயே ரேகைத் துரு எழுப்பும். பருத்தி அல்லது நைட்ரைல் கையுறை அணிந்தே எடுக்க வேண்டும். தோல் உறையில் போட்டு வைப்பது கூடவே கூடாது. தோலைப் பதனிட்ட ரசாயனங்கள் இரும்பில் துருவையும் பித்தளையில் பச்சைக் களிம்பையும் கிளப்பும். ஈரப்பதம் 50 விழுக்காட்டை ஒட்டி ஏறி இறங்காமல் இருக்கும் அறை ஏற்றது. கடலோர ஊர்களில் சிலிக்கா ஜெல்லோ ஈரமுறிஞ்சி இயந்திரமோ இல்லாமல் முடியாது. பின்வாய்க் கருவியை வெறுமனே இயக்கி, கேப் இல்லாத முலைமேல் சுத்தியை அறையவிடும் பழக்கம் முலையையும் சுத்தியையும் சிதைக்கும்.

சட்டம்

அமெரிக்காவில் 1968 துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டம் 1898இலோ அதற்கு முன்போ செய்யப்பட்டவற்றைத் தொல்பொருளாகக் கருதுகிறது. கூட்டாட்சி உரிமம் பெற்ற வணிகர் வழியாகவே வாங்க வேண்டும் என்ற விதி அவற்றுக்குப் பொருந்தாது. மாநிலச் சட்டங்கள் வேறுபடலாம் என்பதால் வாங்குபவர் தம் மாநில விதியைத் தனியே பார்க்க வேண்டும். நகல்களுக்கு இந்தச் சலுகை சில நிலைகளில் மட்டுமே உண்டு.

இந்தியாவில் நிலைமை கடுமையானது. 1959 ஆயுதச் சட்டத்தின் 45ஆம் பிரிவு, பழைய பாணியிலான அல்லது தொன்மை மதிப்புள்ள ஆயுதத்துக்கு விலக்கு தருகிறது. ஆனால் பழுதுபார்த்தாலும் பார்க்காவிட்டாலும் அதைச் சுடுகருவியாகப் பயன்படுத்த முடியாது என்ற நிலை இருந்தால் மட்டுமே. இயங்கும் ஷார்ப்ஸோ ஸ்பென்சரோ இந்த விலக்குக்குள் வராது. விலக்குக்குள் கொண்டுவரக் குழலை அடைத்துப் பின்வாயைப் பற்றவைத்தால் சேகரிப்பு மதிப்பு போய்விடும். வெளிநாட்டிலிருந்து தருவிக்க நினைப்பவர் பணம் கட்டுவதற்கு முன்பே உரிமம் வழங்கும் மாவட்ட அதிகாரியிடமும் சுங்கத்துறையிடமும் எழுத்து மூலம் பதில் பெற வேண்டும். குடும்பத்தில் வழிவழியாக வந்த பழைய துப்பாக்கி வீட்டில் இருந்தால், அதைப் பற்றியும் இதே அதிகாரியிடம் தெரிவித்து நிலையை உறுதிசெய்துகொள்ள வேண்டும். நூறாண்டு கடந்த பொருள் 1972 தொல்பொருள் சட்டத்தின் வரம்புக்குள் வரக்கூடும்; அப்படி வந்தால் தனியார் அதை நாட்டைவிட்டு வெளியே அனுப்ப முடியாது.